கடை போனும் என் போனும்

தி.நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்த புடவைக் கடையில் நான் விற்பனைப் பெண்ணாகத்தான் சேர்ந்தேன். முதல் மாடி, பட்டுக்கு அடுத்த கவுண்டர். வேலை என்றால் பிரிப்பதும் மடிப்பதும்தான். வந்தவர்கள் எதையும் எடுக்காமல் எழுந்து போனாலும் முகம் மாறக் கூடாது. பிரித்ததையெல்லாம் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் தோள்பட்டை விட்டுப்போகும்.

முதலாளியின் மருமகளைச் சின்ன மேடம் என்று கூப்பிடுவோம். அவர்தான் கடைக்கு ஒரு பேஜ் ஆரம்பித்து, காலையில் கூட்டம் சேருவதற்கு முன் தினமும் லைவ் போடத் தொடங்கினார். மேல் மாடியில் குடோனை ஒட்டி ஓர் அறையைக் காலி செய்து வட்ட விளக்கும் ஸ்டாண்டும் வாங்கி வைத்தார். அவர் பேசுவார், நான் பக்கத்தில் நின்று புடவையை விரித்துப் பிடிப்பேன். ஒரு நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே வரவில்லை. பார்ப்பதற்கு ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். என்னைப் பேசு என்று கையைக் காட்டினார்.

யாரோ ஒரு அம்மா, சாயம் போகுமா என்று கமெண்ட்டில் கேட்டிருந்தார். கவுண்டரில் சொல்வதையே சொன்னேன். "முதல் தண்ணில கொஞ்சம் போவும் சிஸ்டர். தனியா துவைங்க. போவவே போவாதுன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

அன்றைக்குப் புக்கிங் நன்றாக வந்தது. விளக்கை அணைத்த பிறகு சின்ன மேடம் கரகரத்த குரலில், "நல்லா பேசுற. இனிமே நீயே பேசு. ஆனா இந்த 'போவும்', 'கீது' எல்லாம் வேணாம். நம்ம கஸ்டமர்ஸ் வேற மாதிரி" என்றார்.

நான் பேச்சை மாற்றிக்கொண்டேன். அது ஒன்றும் பெரிய கொடுமையாகத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் ஒரு மாதிரியும் வீட்டில் ஒரு மாதிரியும் பேசியவள்தானே. என்ன, ஒரு 'கீது' வாய் வரைக்கும் வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே அனுப்புவதற்குள் கையில் இருக்கும் புடவையின் நிறமே மறந்துபோகும். அந்த ஒரு நொடித் தடுமாற்றத்தைப் பார்ப்பவர்கள் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

எந்த ஏரியா என்று கேட்டால் என்ன சொல்வது என்ற கேள்வியும் வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடிசைகளை எடுத்தபோது எங்களைப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். "அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று சின்ன மேடம் கேட்டார்.

"அடையாறு ஆத்தோரம் மேடம்."

"அப்ப அடையார்னு சொல்லிடு. போதும்."

லைவுக்கென்று கடையில் ஒரு போன் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். என் போன் வேறு. மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். அதில் பள்ளி முடித்த காலத்திலிருந்து எனக்கு ஓர் அக்கவுன்ட் இருந்தது. எங்கள் பிளாக்கில் உள்ள பெண்கள், சித்தப்பா பிள்ளைகள், தம்பியின் கூட்டாளிகள்தான் அதில் இருந்தார்கள். பெசன்ட் நகர் கடலில் கால் நனைத்தது, மாடிப்படியில் உட்கார்ந்து பேன் பார்த்தது, அம்மாவின் மீன் வறுவல் வண்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு வைத்திருந்தேன். அம்மா சாயங்காலம் எங்கள் பிளாக்குக்குக் கீழே வண்டி போடுவாள். சங்கராவும் நெத்திலியும் வறுப்பாள்.

இரண்டு போனையும் முதலில் சேர்த்து வைத்தவன் தம்பிதான். பெருமை தாங்காமல் கடையின் லைவைத் தன் பக்கத்தில் பகிர்ந்து, "எங்கக்கா" என்று என் அக்கவுன்ட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டான். அந்த வழியாக ஒவ்வொருவராகக் கடையின் வாடிக்கையாளர்கள் உள்ளே வந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முன்பின் தெரியாத பெண்கள், "உங்க சிரிப்பு அழகா இருக்கு சிஸ்" என்று எழுதினால் யாருக்குத்தான் பிடிக்காது?

அவர்களில் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு லைவைக்கூட விட மாட்டார். கமெண்ட் போடுவது அவருக்குப் பிடிக்காது. குரலைப் பதிவு செய்து என் சொந்த அக்கவுன்ட்டுக்கு அனுப்புவார். "அந்த மயில்கழுத்துக் கலர் இன்னும் இருக்கோன்னோ? நேக்கு எடுத்து வெச்சுடு. ஆமா, அடையார்ல எந்தப் பக்கம் நீ? காந்தி நகரா, சாஸ்திரி நகரா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் மயில்கழுத்துக்குப் பதில் சொன்னேன்.

போகப்போக பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், குழாயடியில் எங்கே நின்றாலும் என் போனில் புடவைதான். சின்ன மேடத்திடம் சொன்னேன். "ரிப்ளை பண்ணு, சேல்தானே" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, அவரே அப்படித்தான் இருந்தார். சாப்பிடும்போதும் ஒரு கை போனில்தான் இருக்கும்.

புடவை கேட்க வருகிறவர்கள் அப்படியே கீழே நகர்த்தி என் பழைய படங்களையும் பார்ப்பார்களே என்று ஒரு நாள் உறைத்தது. பால்கனிகளில் துணி தொங்கும் படங்களை நீக்கினேன். காரை பெயர்ந்த சுவருக்கு முன்னால் நின்ற படங்கள் போயின. வண்டிப் படம் போயிற்று. அழிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேசையைத் துடைப்பது போலத்தான் செய்தேன். தம்பிதான் ஒரு நாள் என் அக்கவுன்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "இன்னாக்கா, இதுல நம்ம ஊட்டையே காணோம்?"

கேலியாகத்தான் கேட்டான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வண்டியில் உதவியாக நின்றிருந்தேன். ஒருவர் வந்து வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டார். தட்டில் ஒரே ஒரு துண்டு இருந்தது. யோசிக்காமல், லைவில் பேசும் அதே குரல் வந்துவிட்டது. "இருக்கு சார், சிங்கிள் பீஸ்தான் இருக்கு. பார்டர் பாருங்க, எவ்வளவு ரிச்சா வந்திருக்கு. உடனே புக் பண்ணிக்கோங்க."

வந்தவர் திகைத்துப்போய் நின்றார். அம்மா கரண்டியை ஓங்கினாள். "இன்னாடி, மீனப் போய் பொடவை மாதிரி வித்துகினு கீற? வாய தொறந்தாலே டிவிகாரியாட்டம். ஒயுங்கா பேசு, இல்ல அந்தாண்ட போ."

"அட போம்மா, உனக்கு வியாபாரமே தெரில. இப்டி சொன்னாத்தான் சோக்கா கீதுன்னு வாங்கினு போவாங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்து, அம்மாவும் சிரித்து, அந்த மனிதரும் சிரித்து, வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு போனார். தம்பி எல்லாவற்றையும் எடுத்திருந்தான். போடட்டுமா என்று கேட்டான். வீட்டைக் காணோம் என்று அவன் கேட்டது மனதில் இருந்தது. என் அக்கவுன்ட்டிலேயே போடு என்றேன்.

யாரோ ஒருவர் அந்த வீடியோவை எடுத்து, அதற்கு மேலே என் லைவ் ஒன்றை ஒட்டிவிட்டார். மேலே பட்டுப் புடவையும் திருத்தமான பேச்சும், கீழே மீனும் அம்மாவின் கரண்டியும். இரண்டு நாளைக்குள் அது எனக்குத் தெரியாதவர்களிடமிருந்தெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. பெரும்பாலோர் ரசித்தார்கள். "எங்கம்மாவும் இப்படித்தான்" என்று எழுதினார்கள். சிலர், "அடையார்னு சொன்னாங்க, இது ஹவுசிங் போர்டு மாதிரி இருக்கே" என்று ஆராய்ந்தார்கள். ஒரு பெண், "இந்தக் கையாலதான் பட்டைத் தொடுறியா, நாறாதா?" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது கவுண்டரில் இருந்தேன். கையில் ஒரு புடவை இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தேன். ஏன் கழுவினேன் என்று இன்றைக்கும் கோபமாக வரும்.

சின்ன மேடம் மேல் மாடி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மாமா பார்த்துட்டார். நம்ம பேர் அதுல தெரியுது, பட்டுக் கடைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறார்."

"நான் கடை பேரச் சொல்லலையே மேடம்."

"நீ சொல்ல வேணாம். உன் முகத்தைப் பார்த்தாலே கடைன்னுதானே நினைக்கறாங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு செய்யலாம். உன் அக்கவுன்ட் பாஸ்வேர்டைக் குடு. அதையும் நாமளே பார்த்துக்கலாம். என்ன போடறது, என்ன வேணாம்னு நான் சொல்றேன். இப்ப ஆளுங்க நிறைய வர்றாங்க, நல்லா வளரும். உனக்கும் நல்லதுதான். இல்லன்னா அதை மூடிடு" என்றார்.

அவருடைய பார்வையில் அது எனக்கு நல்லதுதான். என்னை ஏமாற்ற நினைத்து அவர் அப்படிச் சொல்லவில்லை.

"முடியாது மேடம். அதுல எங்கம்மா கீறாங்க."

அந்த அறையில் அதுவரைக்கும் அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. மேடம் என்னைப் பார்த்தார். திருத்தவில்லை. மறுநாளிலிருந்து நான் கவுண்டருக்குப் போய்விட்டேன். லைவுக்கு வேறு ஒரு பெண் போனாள்.

வேலை போகவில்லையே என்று அம்மா ஆறுதல் சொன்னாள். ஆனால் வீட்டுப் பக்கம் வேறு தொல்லை ஆரம்பித்திருந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மாவின் வண்டியைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் முதலில் போனைத் தூக்கினார்கள், மீன் அப்புறம்தான். "அம்மா, ஒரு வாட்டி திட்டுங்கம்மா" என்று கேட்டார்கள். அம்மா முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டுக்கொண்டு திட்டினாள். அதற்குப் பிறகு நிஜமாகவே திட்டினாள். "துன்ன வர்றானுங்களா, படம் புடிக்க வர்றானுங்களா? அடுப்பாண்ட நின்னுகினு போன நீட்டுறான். எண்ணெயில வுய்ந்தா எவன் பொறுப்பு?"

வந்தவர்களில் ஒருவன் எடுத்த படத்தில், பின்னால் குடத்தோடு நின்றிருந்த பக்கத்து வீட்டு அக்காவும் விழுந்துவிட்டாள். கணவனை விட்டு வந்து, தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் இருந்தவள் அவள். எங்கே இருக்கிறாள் என்று கணவன் வீட்டாருக்குத் தெரியாமல் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கணவன் பிளாக்குக்கே வந்து சத்தம் போட்டான். நாங்கள் ஒரு தளத்து ஆட்கள் மொத்தமும் சேர்ந்துதான் அவனைத் துரத்த வேண்டியிருந்தது. அவள் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். அந்தச் சாத்திய கதவைக் கடந்துதான் நான் தினமும் படியிறங்க வேண்டும்.

படம் எடுத்தவனுக்கு எழுதி அதை நீக்க வைத்தேன். அம்மா ஒரு அட்டையில், படம் பிடிக்காதீர்கள் என்று தம்பியை எழுதச் சொல்லி வண்டியில் கட்டினாள். நான் என் அக்கவுன்ட்டைப் பூட்டினேன். தி.நகர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, முகம் தெரியாத பெயர்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். பல நாள் பிடித்தது. முகத்தைப் பளபளப்பாக்கும் கிரீமுக்கு விளம்பரம் செய்யச் சொல்லிக் கேட்டிருந்தவர்களும் அதில் போனார்கள். தம்பிக்குத்தான் மனசே இல்லை. "இவ்ளோ ஆளு சேர்றது எவ்ளோ கஷ்டம் தெரியுமாக்கா" என்று புலம்பினான். அழித்த பழைய படங்களில் கிடைத்ததைத் தேடியெடுத்து மறுபடியும் போட்டேன். துணி தொங்கும் பால்கனியும் வந்தது.

ஒரு நாள் மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், மயிலாப்பூர் மாமி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து முதல் மாடிக்கு ஏறி வந்தார். நேரில் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"நீதானே அது? லைவ்ல ஏன் வரல்லை? புதுசா வர பொண்ணு ஜரிகையோட பின்பக்கத்தைக் காட்டவே மாட்டேங்கறா" என்றார். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு, "என்னையும் எடுத்துட்டே போலிருக்கே? ரெண்டு நாளா தேடறேன், பூட்டுன்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். முகத்தில் வருத்தம் இருந்தது.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "கஸ்டமர்ஸ் எல்லாரையும் எடுத்துட்டேம்மா. உங்க மேல ஒண்ணும் இல்ல. அது என் வீடு மாதிரி. கடைக்கு வாங்க, கடை நம்பர்ல கேளுங்க, எவ்வளவு நேரம் வேணாலும் காட்டுறேன்."

"நியாயம்தான். நானே என் மாட்டுப்பொண்ணோட ஸ்டேட்டஸை மியூட் பண்ணி வெச்சிருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. "மீன் வறுக்கறதைப் பாத்துட்டு எங்காத்துக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? இந்தப் பொண்ணு லைவ்ல பல்லை மட்டும் காட்டறா, இங்கதான் சிரிக்கறான்னார்."

"நான் காந்தி நகர் இல்லம்மா" என்றேன். "ஆத்தோரம் இருந்தோம், பாலத்துக்குக் கீழ. இப்ப பெரும்பாக்கம்."

"அந்தப் பாலத்து மேல பஸ்ல எத்தனை வருஷம் ஆபீஸ் போயிண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒரு சாம்பல் நிறப் புடவையை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

போகிற வழியில் அவர் கல்லாவில் நின்று முதலாளியிடமே ஏதோ சொல்லியிருக்கிறார். மற்றவர்களும் கமெண்ட்டில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. சின்ன மேடம் கவுண்டருக்கே வந்தார். "திரும்ப வர்றியா? மாமா ஓகே சொல்லிட்டார்."

வருகிறேன் என்றேன். கூடவே சொல்ல வேண்டியதையும் சொன்னேன். லைவில் எந்த ஏரியா என்று கேட்டால் பெரும்பாக்கம் என்றுதான் சொல்வேன். கடை விஷயம் கடை போனில் மட்டும். அது டிராயருக்குள் போன பிறகு வரும் மெசேஜுக்கு மறுநாள்தான் பதில். வீடும் வீட்டு ஆட்களும் பேஜுக்கு வர மாட்டார்கள்.

"பேச்சு?" என்று கேட்டார் மேடம்.

"பேச்சு கவுண்டர்ல எப்படிப் பேசுறனோ அப்படித்தான். நடுவுல ஒண்ணு ரெண்டு வந்தா வரட்டும் மேடம்."

அவர் சிரித்துவிட்டு, "அதைத்தான் கேக்கறாங்க" என்றார்.

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. உடனே பதில் வராததால் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. தீபாவளிக்கு, "உங்க வீட்ல, ஃபேமிலியோட ஒரே ஒரு வீடியோ" என்று மேடம் மறுபடியும் கேட்டார். முடியாது என்றேன். கடை மாடிப்படியில் நின்று எடுத்தோம். ஒரு வாரம் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினார். பக்கத்து வீட்டு அக்கா அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து அங்கேயே தங்கப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள்.

இப்போது நான் எதிர்பார்க்காத இடத்தில் இன்னொரு கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா தம்பியை வைத்துத் தனக்கென்று ஒரு சேனல் ஆரம்பித்துவிட்டாள். வண்டியிலிருந்து அந்த அட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை. "அன்னிக்கு எல்லாரையும் தொரத்தின, இன்னிக்கு நீயே எடுக்கிற?" என்று கேட்டேன்.

"அவனுங்க எடுத்தானுங்க. இது நா எடுக்கிறேன்" என்றாள். "நீ வராத. உன்ன யாரு கூப்ட்டா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் வருவதற்கு முன்பு, வண்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு எடுக்கிறாள். குழம்பு வைக்கிறாள், மீன் கழுவுகிறாள், பொதுவாக உலகத்தைத் திட்டுகிறாள். பார்க்கிறவர்கள் மெதுவாகச் சேர்கிறார்கள். சின்ன மேடம் அதையும் கண்டுபிடித்துவிட்டார். "உங்கம்மா நம்ம புடவை கட்டிக்கிட்டுப் பண்ணுவாங்களா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"அது அம்மாவோட அக்கவுன்ட் மேடம். அம்மாகிட்டதான் கேக்கணும்" என்று நம்பரைக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பட்டா? மீன் கழுவறப்ப எவம்மா பட்டு கட்டுவா? காட்டன் இருந்தா சொல்லு, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நான் நிற்பதைப் பார்த்து, உள்ளே போ என்று கையைக் காட்டினாள்.